வெளியே இரண்டு, உள்ளே நான்கு

பதினேழாவது கேள்வி, பி பிரிவு, பத்து மார்க். இந்த ஒரு கேள்விக்கு இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியாம கால் மணி நேரமா சிவப்புப் பேனாவை மூடறதும் திறக்கறதுமா உக்காந்திருக்கேன். ஆறு பக்கம் எழுதியிருக்கு. ஒரே கணக்குக்கு ஆறு பக்கம்! திருத்தற முகாம்ல இன்னைக்குக் கடைசி நாள், காலைக் கட்டுல முப்பது பேப்பர், பத்தொன்பது முடிச்சாச்சு, இது இருபதாவது, ஒரு மணிக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாகணும், இப்ப மணி பதினொண்ணு நாப்பது. எனக்கு ஆறு பக்கம் எழுதற பிள்ளைங்களைக் கண்டாலே ஆகாது. தொகையிடல் கணக்குன்னா ஒண்ணரைப் பக்கத்துல முடியணும், அதுக்கு மேல இழுத்துச்சுன்னா எங்கேயோ வழி தப்பிட்டோம்னு தனக்கே உறைக்கணும். இருபத்தாறு வருஷமா கிளாஸ்ல இதைத்தானே கத்திட்டு இருக்கேன், முடியலைன்னா உன் தப்பு, கணக்கு மேல பழியைப் போடாதேன்னு. அதனால முதல் பார்வைக்கு எரிச்சல்தான் வந்துச்சு. சரி, என்னதான் எழுதியிருக்குன்னு பாப்போம்னு விடைக்குறிப்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். விடைக்குறிப்புல மொத்தமே மூணு வரி. ரூட்டுக்குள்ளே இருக்கறதை டி-ன்னு வச்சுக்கோ, ரெண்டு மார்க். டி-டி போடு, மூணு மார்க். விடை, அஞ்சு மார்க். இந்தப் பிள்ளையும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு, உள்ளே இருக்கறதை டி-ன்னு வச்சிருக்கு, டி-டி போட்டிருக்கு, அப்புறம் டக்குனு நின்னு, 'கீழே ஒரு x மிச்சம் நிற்கிறது'ன்னு எழுதி அடியில கோடு போட்டிருக்கு. அதெப்படி மிச்சம் நிக்கும்? மிச்சம் நிக்கக் கூடாதே. கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். ரூட்டுக்கு வெளியே எக்ஸோட அடுக்கு ரெண்டு. ரூட்டுக்கு உள்ளே ஒண்ணு கூட்டல் எக்ஸோட அடுக்கு நாலு. உள்ளே நாலு இருந்தா வெளியே மூணு இருக்கணும், எப்பவும் ஒண்ணு குறைச்சல், அப்பதான் அந்தக் கணக்கு வழுக்கிட்டு ஓடி வரும், ப்ளஸ் டூ பிள்ளைக்கும் தெரியும். இங்கே மூணு இல்லை. ரெண்டு இருக்கு. இந்தக் கேள்வித்தாளை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

யாருக்கும் தெரியாது. அது ஒரு பக்கம். இந்த ஹால்ல அறுபது பேர் உக்காந்து திருத்திட்டு இருக்கோம், மேலே பன்னெண்டு ஃபேன் சுத்துது, ஒருத்தருக்கும் தெரியாது. கேள்வித்தாள் எடுத்தவங்க யாருன்னு வெளியே சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் யுனிவர்சிட்டியில வேலையே கொடுப்பாங்க. தேர்வுக் கன்ட்ரோலருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பொற்கொடி, பொற்கொடி, எப்படிடி பண்ணின இந்த வேலையை? எப்படின்னு என்ன கேள்வி, எல்லாரும் பண்றதுதான். பழைய புஸ்தகத்துல ஒரு கணக்கை எடுக்கறது, எண்ணை மாத்தறது. அப்படியே போட்டா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டு வந்து கக்கிட்டுப் போயிடும், அதனால மாத்தறது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை மாத்தாம போட்டேன், எவனோ ஒரு மகராசன் பெட்டிஷன் எழுதிட்டான், பத்துக் கேள்வியில ஏழு கேள்வி ஒரே புஸ்தகத்துல இருந்து வரி மாறாம வந்திருக்குன்னு. அன்னையில இருந்து எனக்கு மாத்தற வெறி. ஒரு எண்ணையும் விட்டு வைக்க மாட்டேன். பழைய கணக்குல வெளியே ரெண்டு, உள்ளே மூணு. சரியான ஜோடி. உள்ளே இருந்த மூணை நாலாக்கினேன். ஆக்கினது ஞாபகம் இருக்கு, நல்லா ஞாபகம் இருக்கு, சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதிட்டு இருக்கேன், பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டறாங்க, அந்த அறுக்கிற மிஷின் காதைக் கிழிக்குது, அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ளே கவர் போயாகணும். உள்ளே நாலாக்கிட்டு, வெளியே இருக்கற ரெண்டையும் மூணாக்கணும்னு மனசுல சொல்லிக்கிட்டேன், அதுவும் ஞாபகம் இருக்கு. சொல்லிக்கிட்டதைச் செஞ்சதாவே நினைச்சுட்டு விடைக்குறிப்புக்குப் போயிட்டேன். விடை கையில வரும், போட்டுப் பார்க்கவே வேண்டாம், ஆறுல ஒண்ணு, பெருக்கல் அந்த ரூட்டுக்குள்ளே இருக்கறது, அதோட அடுக்கு ஒண்ணரை. எழுதினேன், ஒட்டினேன், அனுப்பிட்டேன். வெளியே மூணு இருந்திருந்தா அது சரியான விடை. ரெண்டு இருக்கும்போது அது விடையே இல்லை.

இரு, இரு, பதறாதே. இதையும் போட்டுட முடியுமான்னு பாரு. வேற வழியில வரலாம், ஆறுல ஒண்ணு வராட்டி வேற ஏதாவது வரும், கஷ்டமான கணக்குன்னு சொல்லிடலாம், கஷ்டமா கேக்கறது ஒண்ணும் குத்தம் இல்லையே. விடைக்குறிப்பு தப்புன்னு மட்டும் ஆகும், அதை மாத்திடலாம். கேள்வித்தாள் ஓரத்துல பென்சிலால போட ஆரம்பிச்சேன். பகுதித் தொகையிடல். ரூட்டைத் தனியா வச்சு, எக்ஸ் ஸ்கொயரைத் தனியா எடுத்து. ரெண்டு வரி போனதும் உள்ளேயிருந்து அதே கணக்கு திரும்பி வந்து நிக்குது. சரி, வரட்டும், அதை இடது பக்கம் கொண்டு போ, ஒண்ணோட மூணுல ரெண்டு சேர்ந்து மூணுல அஞ்சு ஆகும், அஞ்சால வகு. மிச்சம் ஒண்ணு நிக்குது, எக்ஸ் ஸ்கொயருக்குக் கீழே அதே ரூட். பழைய கணக்கை விடக் கொஞ்சம் சின்னது, பிடிவாதம் மட்டும் குறையல. பேப்பரைத் திருப்பிப் பார்த்தா இந்தப் பிள்ளை ரெண்டாம் பக்கத்துலயும் மூணாம் பக்கத்துலயும் இதையேதான் போட்டிருக்கு, அதே அஞ்சு, அதே மிச்சம், ஒரு குறி கூடத் தப்பல. நாலாம் பக்கத்துல எக்ஸ் ஸ்கொயரை டேன் தீட்டான்னு வச்சுப் பார்த்திருக்கு, டேனுக்கு ரூட் வந்து நிக்குது, அடிச்சிருக்கு. அஞ்சாம் பக்கத்துல எக்ஸை வெளியே எடுத்துப் பார்த்திருக்கு, எனக்கே அது தோணல, அதுவும் முட்டிக்கிட்டு நிக்குது, அடிச்சிருக்கு. அடிச்சதைக் கூட ஸ்கேல் வச்சு ஒரே கோடா அடிச்சிருக்கு. இது நல்ல பிள்ளை. கிளாஸ்ல பத்துல ஒண்ணு இப்படி அமையும், அதுக்காகத்தான் நாம தொண்டை வத்தறோம். ஆறாம் பக்கத்துல கணக்கே இல்லை, ஒரு வரிதான் இருக்கு. 'இதை முடிக்க முடியவில்லை. என் தவறா கேள்வியின் தவறா என்று தெரியவில்லை.' அதுக்கப்புறம் பதினெட்டு இல்லை, பத்தொன்பது இல்லை, இருபதாவது கேள்விக்கு எண் மட்டும் போட்டு 'தீர்வு'ன்னு எழுதியிருக்கு. மணி அடிச்சிருக்கும், பேப்பரைப் பிடுங்கியிருப்பாங்க.

எம்ஃபில் படிக்கும்போது ஒரு விதி படிச்சேன், ரஷ்யக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சது, இந்த மாதிரிக் கணக்கு முடியுமா முடியாதான்னு விரல் விட்டுச் சொல்லிடலாம். நம்ம சிலபஸ்ல கிடையாது. வெளி அடுக்கோட ஒண்ணைக் கூட்டு, உள் அடுக்கால வகு. முழு எண் வந்தா கணக்கு முடியும். வரலைன்னா ரூட்டுக்காக ஒரு அரையைக் கூட்டிப் பாரு. அப்பவும் முழு எண் வரலைன்னா, சாமியே வந்தாலும் முடியாது. பழைய கணக்குக்குப் போட்டா ஒண்ணு வருது. நான் நினைச்ச கணக்குக்குப் போட்டாலும் ஒண்ணு வருது. நான் எழுதின கணக்குக்கு முக்கால் வருது. அரையைக் கூட்டினா ஒண்ணே கால். மறுபடி போட்டேன், அதே முக்கால், அதே ஒண்ணே கால். முடியாதுன்னா விடையே இல்லைன்னு அர்த்தம் இல்லை. விடை இருக்கு. அந்த வளைகோட்டை வரையலாம், அடியில பரப்பு இருக்கு, கம்ப்யூட்டர்ல கேட்டா எத்தனை தசமம் வேணும்னாலும் சொல்லும். சைன், காஸ், லாக், அடுக்கு, ரூட்னு நம்ம கையில இருக்கறதை வச்சு அதை எழுதத்தான் முடியாது. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் முடியாதுன்னு எழுதி வச்சதை, மூணு மணி நேரத்துல பத்து மார்க்குக்கு இந்தப் பிள்ளை எழுதணும்னு கேட்டிருக்கேன். இந்தப் பிள்ளை மட்டும்தானா? பதினோரு காலேஜ், ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஐயோ.

அப்பதான் முந்தாநாள் ஞாபகம் வந்துச்சு. முதல் நாள் காலைக் கட்டுல இதே கேள்விக்கு நான் முட்டை போட்டேனே. நாலு பேரா, அஞ்சு பேரா? ஒருத்தன் ரெண்டு பக்கம் எழுதிட்டு மொத்தத்தையும் அடிச்சிருந்தான், அதுக்கு முட்டை. இன்னொண்ணு பாதியில நின்னிருந்துச்சு, ரெண்டு மார்க் போட்டேன், ஏதோ தர்மம் பண்ற மாதிரி. போட்டுட்டு, கூடத் திருத்தற ரெஜினா கிட்ட, இந்த வருஷம் பிள்ளைங்களுக்கு ஒரு சின்ன சப்ஸ்டிட்யூஷன் கூட வரல, பாருங்கன்னு வேற சொன்னேன். அதை விடக் கேவலம், முழு மார்க் வாங்கினவங்க. எப்படி வாங்கினாங்க? எக்ஸ் ஸ்கொயர் டி-எக்ஸுக்கு பதிலா டி-டி பை நாலுன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்காங்க. மிச்சம் நிக்கற எக்ஸை முழுங்கிட்டாங்க. ட்யூஷன்ல சொல்லிக் கொடுத்த அச்சு, அப்படியே ஊத்தியிருக்காங்க, ஆறுல ஒண்ணு வந்துடுச்சு, நானும் விடைக்குறிப்போட ஒத்துப் போகுதுன்னு டிக் அடிச்சு பத்துக்குப் பத்து. எக்ஸை முழுங்கினவனுக்குப் பத்து, முழுங்க மாட்டேன்னு நின்னதுக்கு முட்டை. அதுவும் என் கையால. நான் எழுதின கேள்வியை நானே படிக்காம, என் விடைக்குறிப்பை மட்டும் பார்த்து ரெண்டு நாளா டிக் அடிச்சுட்டு இருந்திருக்கேன். "மேடம், ஒரே பேப்பரை எவ்வளவு நேரம் பாப்பீங்க? உங்க பையன் பேப்பரா?"ன்னு ரெஜினா பக்கத்து நாற்காலியில இருந்து கேக்கறா. அவ இருபத்தெட்டு முடிச்சுட்டா, பேனாவைச் சொருகிட்டு வடை சாப்பிடறா. பக்கத்து டவுன் காலேஜ்ல வேலை பார்க்கறா, என்னை விடப் பதினஞ்சு வயசு சின்னவ, நல்ல பொண்ணுதான், வாய் மட்டும் ஓயாது. "எழுத்து புரியல ரெஜினா"ன்னு பொய் சொல்லிட்டுப் பேப்பரைக் கொஞ்சம் என் பக்கமா இழுத்துக்கிட்டேன். முத்து முத்தா இருக்கு எழுத்து.

மத்ததெல்லாம் கூட்டிப் பார்த்தேன். இருபத்தி நாலு. எழுபத்தஞ்சுக்கு முப்பது வாங்கினா பாஸ். ஆறு குறையுது. பெயர் கிடையாது, டம்மி நம்பர்தான், பையனா பொண்ணான்னு தெரியாது, எந்த ஊர்னு தெரியாது. கடைசி செமஸ்டர் பேப்பர் இது, இதுல போச்சுன்னா டிகிரி கையில வராது, பிஎட் சேர முடியாது, ஒரு வருஷம் வீட்டுல உக்காரணும், பொண்ணா இருந்தா வீட்டுல உக்கார விட மாட்டாங்க, அது வேற கதையாயிடும். ஆறு மார்க் தானே? ஆறு போட்டுட்டா என்ன? ஸ்டெப் மார்க்னு போடலாம், டி வச்சதுக்கு ரெண்டு, டி-டி-க்கு மூணு, அஞ்சு ஆச்சு, இன்னொண்ணு எங்கேயாவது ரெண்டு மார்க் கேள்வியில கண்டுபிடிச்சா முப்பது. கை தானா பேனாவை எடுத்துடுச்சு. ரெண்டுன்னு போட்டேன், மூணுன்னு போடப் போனேன். யாரும் கேக்க மாட்டாங்க, நானும் வாயைத் திறக்க வேண்டாம், பிள்ளையும் பாஸ், நானும் பாஸ். ஆனா மத்த கட்டுல இருக்கறது? ரெஜினா முடிச்ச இருபத்தெட்டுல எத்தனை? ரெண்டு நாளா முடிஞ்சு ரூம்ல அடுக்கி வச்சிருக்கிற கட்டுங்கள்ல எத்தனை பேர் இருபத்தி மூணு, இருபத்தஞ்சுல நிக்கறாங்க? நான் முட்டை போட்ட அந்த அஞ்சு பேர்? அவங்களுக்கு யாரு போய் ஸ்டெப் மார்க் தேடறது? சொன்னா என்ன ஆகும், அதையும் நினைச்சுப் பாரு. சொன்னா மெமோ. அஞ்சு வருஷத்துக்கு டிபார், கேள்வித்தாள் எடுக்கக் கூடாது, பேப்பர் திருத்தக் கூடாது. அது போகட்டும், அடுத்த மாசம் எங்க காலேஜ் பிரின்சிபால் பொறுப்புக்கு என் பேரு போயிருக்கு, மெமோ வாங்கினவ பேரை யாரு எடுப்பா? காலேஜ் கமிட்டிக்காரங்க எங்கே குறை கிடைக்கும்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுத் தேடறாங்க. அதை விட, அதை விட என்னன்னா, சிரிப்பாங்க. முடியாத கணக்கைப் பிள்ளைங்க கிட்ட கேட்ட பொற்கொடி மேடம். இருபத்தாறு வருஷமா எல்லாரையும் அதட்டினவ. மெமோ பயம் இவ்வளவு இல்லை, இந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு உள்ளங்கை வேர்க்குது, வெக்கக்கேடு. மணி பன்னெண்டு இருபது. போட்ட ரெண்டை அடிச்சேன். அடிச்சதுக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடணும், அதுதான் விதி, போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

கேள்வித்தாள் எடுத்த செட்டர்னு சொல்ல வேண்டாம், திருத்தறவளா போய்ச் சொல்லுவோம். கேள்வி தப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சது நான்னு ஆகும், பேருக்குப் பேரும் ஆச்சு. இந்த யோசனை வந்ததும் கால்ல தெம்பு வந்துடுச்சு, பாருங்க மனுஷ புத்தியை. தலைமைத் தேர்வாளர் தாமோதரன் சார் மேடைக்குப் பக்கத்து ரூம்ல உக்காந்திருந்தார். ரிட்டயர் ஆக ஆறு மாசம், யாரையும் கடிஞ்சு பேச மாட்டார், எதுலயும் சண்டை வராம முடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும் அவருக்கு. "சார், பதினேழு பி-யில ஒரு சந்தேகம்"னு பேப்பரையும் கேள்வித்தாளையும் வச்சேன். "உக்காருங்க மேடம், வேர்த்துக் கொட்டுதே, தண்ணி குடிங்க"ன்னார். குடிச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விடைக்குறிப்புல இருக்கற விடையை வகையிட்டுப் பார்த்தார். ஒரே வரிதான், எக்ஸ் கியூப் வருது. கேள்வியைப் பார்த்தார், எக்ஸ் ஸ்கொயர் இருக்கு. "அட ஆமா!" அவர் முகத்துல ஒரு நிமிஷம் பயம் வந்துட்டுப் போச்சு, அப்புறம் சிரிச்சுட்டார். "பிரிண்டிங் மிஸ்டேக் மேடம். மூணைப் போட வேண்டிய இடத்துல ரெண்டைப் போட்டுட்டான். டைப் பண்ணவனுக்கு ஒரு மெமோ கொடுக்கச் சொல்லிடலாம். விடைக்குறிப்பு எக்ஸ் கியூபுக்குத்தானே இருக்கு, அப்ப செட்டர் சரியாத்தான் கேட்டிருக்கார்." எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, கொதிக்கற வெயில்ல நடந்து வந்து நிழல்ல செருப்பைக் கழட்டின மாதிரி. செட்டர் சரியாத்தான் கேட்டிருக்கார். அவரே சொல்லிட்டார், நான் சொல்லல. இதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேச வேண்டியதில்லை. "அப்ப மார்க் எப்படி சார் போடறது?"ன்னு கேட்டேன், கேக்காம இருந்திருக்கலாம். "இப்ப போடற மாதிரியேதான். பிள்ளைங்க எக்ஸ் கியூபுன்னு எடுத்துக்கிட்டு விடை வந்திருந்தா பத்து. பாதி வந்தா பாதி." "இந்தப் பிள்ளை சார்? இது கேள்வியில இருக்கறபடி போட்டிருக்கு. ஆறு பக்கம். முடியாதுன்னு எழுதியிருக்கு. முடியாதுதான் சார், இந்தக் கணக்கு யாராலயும் முடியாது." பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம்தான். மிஞ்சிப் போனா டி வச்சதுக்கு ரெண்டு போடுங்க." "ரெண்டு போட்டா ஃபெயில் சார்." "என்ன மேடம் பண்றது? பிரிண்டிங் மிஸ்டேக்குக்கு இவ்வளவுதான் வழி. கேள்வியே தப்புன்னு ஆனாத்தான் எழுதினவங்க எல்லாருக்கும் பத்துன்னு ஆர்டர் போட முடியும், கம்ப்யூட்டர்லயே ஏத்திடலாம், ஒரு கட்டையும் பிரிக்க வேண்டாம். ஆனா அதுக்கு நான் எழுதின கேள்வி தப்புன்னு செட்டர் கையெழுத்துப் போட்டுத் தரணும். எந்த செட்டர் தருவான், சொல்லுங்க?"

சொல்லுங்கன்னு கேட்டுட்டு அவர் என்னையே பார்க்கறார். அவருக்குத் தெரியாது, பேச்சுக்குத்தான் கேட்டார், எல்லாரும் கேக்கற மாதிரி. ஆனா எனக்கு அந்தக் கேள்வி போய் எங்கேயோ மாட்டிக்கிச்சு. இங்கே ஒரு நாற்காலி, அங்கே ஒரு நாற்காலி, நடுவுல மேஜை, மேஜை மேல ஆறு பக்கம். எழுந்து போகலாம். சரி சார், ரெண்டு போட்டுடறேன்னு எழுந்து போகலாம், கால் எழுந்துக்கப் பார்க்குது. கன்ட்ரோலர் கவரைப் பிரிச்சு என் கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். பார்த்தா? அதுல வெளியே ரெண்டுதான் இருக்கும், என் கையெழுத்துல, நல்லா குண்டா. யாரும் பார்க்க மாட்டாங்க. டைப் பண்ண அந்த ஆளு, யாரோ தினக்கூலிக்கு வர்றவனா இருக்கும், நான் எழுதினதை எழுதினபடி அடிச்சிருக்கான், அவனுக்கு ஒரு மெமோ. அவன் என்ன சொல்ல முடியும்? பிரதி அவன் கையில இருக்காது. யோசிச்சுக்கிட்டே போறேன், போய்ப் போய் அதே இடத்துல வந்து நிக்கறேன், பேசாம இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது, பேசாம இருந்தா இதுக்கு ரெண்டு மார்க், பேசாம இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. வெளியே ஹால்ல யாரோ நாற்காலியை இழுக்கறாங்க, கட்டுக் கட்டி முடிச்சவங்க பேச்சுச் சத்தம் கூடிடுச்சு, சுவத்துல பன்னெண்டு நாப்பது. தாமோதரன் சார் பேப்பரை மூடி என் பக்கம் தள்ளறார். தள்ளினதும் எனக்கு ஆத்திரமா வந்துச்சு, யார் மேலன்னு தெரியல, அவர் மேலயா, டைல்ஸ்காரன் மேலயா, ஆறு பக்கம் எழுதி என் உயிரை வாங்கற இந்தப் பிள்ளை மேலயா. முழுங்கிட்டுப் போயிருக்கலாமே, மத்த பிள்ளைங்க மாதிரி ஒரு எக்ஸை முழுங்கிட்டுப் பத்து மார்க்கை வாங்கிட்டுப் போயிருக்கலாமே, உனக்கு மட்டும் என்ன? "நான்தான் சார்"ன்னேன். "என்ன மேடம்?" "செட்டர். நான்தான் எடுத்தேன் இந்தப் பேப்பரை. பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை சார். நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன்."

அவர் உடனே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதுதான் முதல்ல பண்ணினார், நல்ல மனுஷன். திரும்பி வந்து உக்காந்து, குரலை இறக்கி, "மேடம், நீங்க இதைச் சொல்லவே கூடாது, தெரியும்ல? நான் கேக்கல, நீங்க சொல்லல. அப்படியே போயிடுங்க"ன்னார். "எழுதிக் கொடுக்கறேன் சார்." "பிரின்சிபால் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. எனக்குத் தெரியும்." "இருக்கட்டும் சார்." வீரமெல்லாம் ஒண்ணும் கிடையாது, அழுதுடுவேனோன்னு பயம். கன்ட்ரோலருக்கு போன் போட்டார். முதல்ல அந்தப் பக்கம் சத்தம், அப்புறம், கடிதம் ஒரு மணிக்குள்ளே ஃபேக்ஸ்ல வரணும், வந்தா எழுதின எல்லாருக்கும் பத்து, வரலைன்னா இப்ப இருக்கறபடிதான்னு சொல்லிட்டாராம். மேடம் மேல நடவடிக்கை உண்டுன்னும் சொன்னாராம். தாமோதரன் சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வச்சார், தன் பேனாவையே கொடுத்தார். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் எழுதினேன். அதுக்குக் கீழே காரணம்னு வந்ததும் கை நின்னுடுச்சு. "உடம்பு சரியில்லாத நிலையில்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க, மேடம்"னு மெதுவா சொன்னார், "பிரஷர், சுகர், ஏதாவது. எல்லாருக்கும் இருக்கறதுதானே. நடவடிக்கை லேசா போயிடும். யாரும் சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க." பிரஷர் எனக்கு நிஜமாவே இருக்கு. மாத்திரை போடறேன். பொய் கூட இல்லை. வீட்டுல வேலை நடந்துச்சு, சத்தம், அவசரம், அதுவும் நிஜம், ஒண்ணொண்ணா அடுக்கினா ஆறு பக்கம் நானும் எழுதுவேன். எல்லாமே நிஜம், ஆனா ஒண்ணும் காரணம் இல்லை. அந்தக் கணக்கைப் போட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குத் தெரிஞ்ச கணக்கு, எனக்கெதுக்குப் போட்டுப் பார்க்கணும்னு இருந்தேன், அவ்வளவுதான் நடந்துச்சு. மணி பன்னெண்டு அம்பத்திரெண்டு. எழுதினேன்: 'பழைய கேள்வி ஒன்றில் ரூட்டுக்குள் இருந்த அடுக்கை மூன்றிலிருந்து நான்காக மாற்றினேன். வெளியே இருந்ததை மாற்றவில்லை. கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.' கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கம் வச்சேன். ஒரு தடவை படிச்சார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சார்.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான் சார்."